உருவம் வந்தது, நாமம் வரவில்லை

தாமிரபரணிப் பாசனப் பகுதியின் கால்வாய்களையும் குளங்களையும் ஜிஐஎஸ் என்ற புவித்தகவல் முறைமையின் கோப்பிலிருந்து ஆட்டோகேட் என்ற வரைவு மென்பொருளுக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் பார்ப்பது பெயரில்லாத ஒரு நிலத்தை. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் எல்லாம் வளைவு நெளிவு பிசகாமல் திரையில் இறங்கியிருக்கும். எது எந்தக் கால்வாய் என்று சொல்ல ஓர் எழுத்துகூட இருக்காது. இதைப் பெரும்பாலும் தொழில்நுட்பக் குறையாகவே பேசுகிறோம். எந்தக் கட்டளை கொடுத்தால் லேபிள் வரும், எந்தப் பெட்டியில் டிக் போட வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நம் தத்துவ மரபு நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்விதான் இங்கே வேறு உடையில் வந்து நிற்கிறது என்று நினைக்கிறேன். பெயர் பொருளில் இருக்கிறதா, அழைப்பவரிடம் இருக்கிறதா? இதற்கு நாம் மனத்தில் வைத்திருக்கும் விடையைப் பொறுத்தே, வரைபட மேசையில் எதைக் காப்பாற்றுகிறோம், எதைப் போனால் போகட்டும் என்று விடுகிறோம் என்பது முடிவாகிறது.

முதலில் நடப்பது என்னவென்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஜிஐஎஸ் கோப்பு, ஷேப்ஃபைல் என்று நாம் சொல்வது, ஒரே கோப்பு அல்ல. வடிவம் ஒரு கோப்பில் இருக்கிறது. விவரங்கள் டிபிஎஃப் என்ற அட்டவணைக் கோப்பில் இருக்கின்றன. இன்னாருக்கு இன்ன விவரம் என்பதை வரிசை ஒன்றுதான் காட்டுகிறது. குளத்தின் பெயர் குளத்தின் மேல் எழுதப்பட்டிருப்பதில்லை, அட்டவணையின் ஒரு கட்டத்தில் கிடக்கிறது. திரையில் நாம் காணும் பெயர், மென்பொருள் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தைப் படித்து அப்போதைக்கு எழுதிக் காட்டுவது. வரைவு மென்பொருளுக்கு மாறும்போது வடிவம் பாலிலைனாக வந்துவிடுகிறது, அட்டவணை வாசலிலேயே நின்றுவிடுகிறது. லேபிளையும் சேர்த்து டிஎக்ஸ்எஃப் கோப்பாக்கச் சொன்னால் அதுவும் வரும், ஆனால் குளத்தோடு எந்த உறவும் இல்லாத தனி எழுத்துத் துண்டாக. குளத்தை நகர்த்தினால் பெயர் கூட வராது. குளத்தை அழித்தால் பெயர் வெற்றிடத்தில் நிற்கும். பெயரை எங்கே வைப்பது என்பதற்கு மென்பொருள் வடிவத்தின் மையப்புள்ளியைக் கணக்கிட்டால், கரை வளைந்து பிறையாகக் கிடக்கும் குளத்துக்கு அந்தப் புள்ளி குளத்துக்கு வெளியே, வேறொருவர் பட்டா நிலத்தில் போய் விழும். காகிதத்துக்கென்று அளந்த எழுத்தின் உயரம் வரைபடத்தின் மீட்டராக மாறி, வயலை மூடும் அளவுக்குப் பெரிதாகவோ கண்ணுக்கே தெரியாத புள்ளியாகவோ ஆகிவிடும். எழுத்து தமிழாக இருந்தால் சோதனை இன்னும் அதிகம். ஆட்டோகேடின் பழைய கோட்டெழுத்து ஃபாண்டுகளில் தமிழுக்கு இடமில்லாததால் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டுகளில் தட்டிய பெயர்கள், அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். டிபிஎஃப் அட்டவணையில் ஒரு பத்தியின் தலைப்புக்குப் பத்து பைட்டுகள்தான் இடம். யூனிகோடின் வழக்கமான சேமிப்பு முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். ஆகவே 'ஊர்ப்பெயர்' என்று தலைப்பிட்டால் 'ஊர்' மட்டும் தப்பும், 'பெயர்' வெட்டுப்பட்டுவிடும்.

இவ்வளவையும் விரித்துச் சொல்லக் காரணம், இது பழைய வாதம் ஒன்றுக்குக் கண்ணெதிரே கிடைக்கும் சான்று என்பதுதான். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயல்பிலேயே அமைந்தது, எவரும் ஏற்படுத்தியதல்ல என்றது மீமாம்சம். இன்ன சொல் இன்ன பொருளைக் குறிக்கட்டும் என்ற உடன்பாட்டால் வந்தது அது என்றது நியாயம். தொல்காப்பியர் உரியியலில் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்: சொல் ஒரு பொருளைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு, ஆனால் அது பார்த்த மாத்திரத்தில் புலப்படுவதில்லை. இலக்கணத்தையும் இறையியலையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுவது இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785-ல் மறைந்த சிவஞான முனிவர், சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதிய அதே கையால் தொல்காப்பியத்தின் முதல் சூத்திரத்துக்கு விருத்தியும் எழுதினார். மீமாம்சகர் பேசியது பசு, குடம் போன்ற பொதுச்சொற்களை. ஊரும் குளமும் தாங்கும் சிறப்புப் பெயர்கள் அந்தக் கணக்கில் வராது என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். ஆனால் ஊர்ப்பெயரைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அது மண்ணில் ஊறிய ஒன்று, நிலத்தோடு பிறந்தது என்ற உணர்வோடுதான் பேசுகிறோம். அறியாமலே நாம் மீமாம்சகர்கள்தாம். அந்த நம்பிக்கை உண்மையானால், குளத்தின் வடிவம் இம்மி பிசகாமல் வந்த இடத்துக்கு அதன் பெயரும் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வரலாறும் அதையே சொல்கிறது. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் வட்டெழுத்துக் கல்வெட்டு, திருப்போத்துடைய பட்டாரர் என்ற இறைவனுக்கு வழிபாட்டுக்கென்று அரசன் 290 காசு கொடுத்ததையும், சபையார் அதற்கு வட்டியாக நெல் அளக்க வேண்டியதையும் பதிந்திருக்கிறது. அந்தக் கல்லில் ஊரின் பெயர் முள்ளிநாட்டு இளங்கோக்குடி. இன்று அந்த ஊரில் நின்று இளங்கோக்குடிக்கு வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. மன்னார்கோயிலில் இருக்கும் கோயில், சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இராசேந்திர சோழ விண்ணகரம். இவ்வளவு தூரம் போகக்கூட வேண்டாம். 1986-ல் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது மேற்கே நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், கிழக்கே சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1997-ல் தலைவர்களின் பெயர்கள் நீங்கி, திருநெல்வேலி, தூத்துக்குடி ஆயின. எல்லைக்கோடு அசையவில்லை, பெயர் மட்டும் மாறியது. 2019-ல் தென்காசி மாவட்டம் உருவானபோது நேர்மாறாக நடந்தது: திருநெல்வேலி என்ற பெயர் அப்படியே இருக்க, அது சுட்டும் நிலம் சுருங்கியது. வெவ்வேறு ஆண்டுகளின் கோப்புகளை ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் இந்த இரண்டு மாற்றங்களும் கோட்டிலும் எழுத்திலும் மோதிக்கொள்வதைப் பார்க்கலாம்.

அப்படியானால் நியாயக்காரர் வென்றுவிட்டார், பெயர் வெறும் உடன்பாடு என்று முடித்துவிடலாமா? முடியாது என்பதுதான் என் கட்சி. உடன்பாடு என்றதும் ஒருமுறை கையெழுத்திட்டு மடித்து வைக்கும் பத்திரம் நினைவுக்கு வருகிறது. ஆனால் உண்மையான நிலப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். சொத்து விவரத்தில் நான்கு மால் எழுதியிருக்கும். சில பத்திரங்களில் அதையே சக்குபந்தி என்பார்கள். இன்னார் நிலத்துக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, இந்த நான்கு மாலுக்கு உட்பட்ட இடம் என்று போகும். பாண்டிய, சோழ கல்வெட்டுகளும் கீழெல்லை, தென்னெல்லை என்று இதே முறையில்தான் நிலத்தைச் சுட்டின. புல எண்ணும் உட்பிரிவும் பரப்பும் வந்த பிறகும் இந்த வழக்கம் போகவில்லை. இங்கே ஒரு நிலம் தன்னைச் சுற்றியுள்ள பெயர்களால் தாங்கப்படுகிறது. பக்கத்து நிலம் கைமாறினால் அடுத்த பத்திரத்தில் மாலும் புதிதாக எழுதப்பட வேண்டும். ஆகவே பெயரை நிலத்தோடு கட்டும் முடிச்சு ஒருநாளும் ஒரேயடியாகப் போடப்பட்டதில்லை. விற்பவரும் வாங்குபவரும் எழுதுபவரும் சாட்சியும் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி முடிந்திருக்கிறார்கள். பெயர் பொருளின் குணமும் அல்ல, என்றோ செய்த ஒப்பந்தமும் அல்ல. அது ஒரு செயல். அந்தச் செயல் நின்றால் பெயரும் நின்றுவிடும். செயல் என்றான பிறகு செய்பவர் என்று ஒருவர் உண்டு, அவருக்குக் கடமை உண்டு. ஜிஐஎஸ் திரையில் லேபிள் ஒவ்வொரு கணமும் அட்டவணையிலிருந்து புதிதாக எழுதப்படுவதில், எனக்கு, அந்த உண்மையே தெரிகிறது.

உருவம் இல்லாமல் பெயர் மட்டும் பயணம் செய்து வேர்விட்டதும் இந்த நெல்லைச் சீமையில் உண்டு. 1799-ல் இங்கே கிறிஸ்தவர்களுக்கென்று அமைந்த முதல் ஊருக்கு முதலூர் என்றே பெயர். பின்னால் நாசரேத் வந்தது, மெய்ஞ்ஞானபுரம் வந்தது, சாயர்புரம் வந்தது. கலிலேயாவின் மலைச்சரிவோ கல்வீடுகளோ தேரிக்காட்டுப் பக்கத்துக்கு வரவில்லை; நாசரேத் என்ற அழைப்பு மட்டும் வந்தது. பனையும் செம்மண்ணும் சூழ்ந்த அந்த ஊரைத் தலைமுறை தலைமுறையாக அப்படியே அழைத்ததால் அது நாசரேத் ஆகிவிட்டது. அங்கே பிறந்தவருக்கு முதல் நாசரேத் இதுதான். வரைவு மென்பொருள் உருவத்தை மட்டும் எடுத்துவருகிறது. அந்த மக்கள் நாமத்தை மட்டும் எடுத்துவந்தார்கள். எது உயிரோடு நின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த வாதத்தின் மையம் இறைவனின் பெயரில்தான் இருக்கிறது. நவதிருப்பதி என்ற ஒன்பது தலங்களில் எங்கும் இருப்பவர் ஒரே திருமால் என்பதில் எந்த வைணவருக்கும் ஐயமில்லை. ஆயினும் ஸ்ரீவைகுண்டத்தில் அவர் கள்ளபிரான், திருப்புளியங்குடியில் காய்சினவேந்தன், பெருங்குளத்தில் மாயக்கூத்தன், ஆழ்வார்திருநகரியில் பொலிந்து நின்ற பிரான், திருக்கோளூரில் வைத்தமாநிதி, தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதர். பெயர் என்பது ஒரு பொருளை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் மட்டுமே என்றால், ஒரே பொருளுக்கு ஆற்றங்கரை நெடுக இத்தனை பெயர் வீண். வீண் இல்லை என்பதை பக்தி மரபு நன்றாக அறிந்திருந்தது. இந்த ஊர்க்காரருக்கும் அவருக்கும் உள்ள உறவுக்குத்தான் அந்தப் பெயர். அதை இடம் மாற்றிச் சொன்னால் பிழையாகிவிடும், காரணம் அங்கே உறவு வேறு. மாணிக்கவாசகரும், பெயரோ உருவோ ஒன்றுமே இல்லாதவனுக்கு ஆயிரம் பெயர் சொல்லிப் பாடுவதைப் பற்றிப் பேசியபோது, பெயர் அவனிடமிருந்து வருவதல்ல, பாடுகிற நம்மிடமிருந்து அன்பால் போவது என்பதையே ஏற்றுக்கொண்டார். சாகும் தருவாயில் மகனை நாராயணா என்று கூப்பிட்ட அஜாமிளன் கதை இதற்கு எதிர்ச்சான்றாகக் காட்டப்படலாம். அங்கே அழைத்தவனின் எண்ணம் மகனிடம், பெயர் மட்டும் தன் வலிமையால் காத்தது அல்லவா என்று. கதையை அப்படிப் படிக்க இடமுண்டு. ஆனால் அதிலும் பெயர் ஏட்டில் எழுதிக் கிடந்து காக்கவில்லை. ஒருவன் வாய் திறந்து கூப்பிட்டான்.

இனி மறுப்புகள். பொறியாளரின் மறுப்பு நேரானது: பாலத்துக்கோ சாலைக்கோ வரைபவருக்கு வேண்டியது ஆயத்தொலைவு, மட்டம், தூரம். கால்வாயின் பெயர் எதுவானாலும் கான்கிரீட்டின் அளவு மாறாது. பெயர் ஓர் அலங்காரம். இந்த மறுப்புக்குள் ஒரு மெய்ப்பொருள் கொள்கை ஒளிந்திருக்கிறது: உருவம் உண்மை, பெயர் மேற்பூச்சு. அதைத்தான் நான் ஏற்கவில்லை. வரைபடத்தின் கோடும் பெயரைப்போலவே மனிதர் செய்த முடிவு. ஆற்றின் கரை எது? கார்காலத்து வெள்ளம் தொட்ட இடமா, கோடையில் மணல் திட்டு முடிகிற இடமா? புலப்படத்தின் எல்லைக்கோடு ஒரு சர்வேயர் கல் நட்டு, சங்கிலி பிடித்து, இதுதான் எல்லை என்று தீர்மானித்தது. அதை மில்லிமீட்டர் துல்லியத்தோடு கணினி நகலெடுக்கும்போது நாம் காப்பாற்றுவது அந்த மனிதரின் முடிவை. ஒரு மனித முடிவை இவ்வளவு பயபக்தியோடு கொண்டுவந்துவிட்டு, இன்னொன்றை அலங்காரம் என்று தள்ளுவதற்கு எந்த நியாயமும் இல்லை. நடைமுறையிலும் பெயர் இல்லாத கால்வாய் ஒரு நீலக்கோடாக, பிறகு யாருக்கும் தேவையற்ற வடிகாலாக, பிறகு சாலைக்கு வசதியான காலி இடமாகப் படிக்கப்படும். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து புறப்படும் நெல்லைக் கால்வாய் என்று எழுதியிருந்தால், அதற்கொரு தலைமதகு உண்டு, ஆயக்கட்டு உண்டு, தண்ணீரை எதிர்பார்க்கும் கடைமடை உண்டு என்பதை வரைபவர் தவிர்க்க முடியாது.

அத்வைதியின் மறுப்பு இன்னும் ஆழமானது. நாமமும் ரூபமும் இரண்டுமே மாறுபாடுகள், மண்தான் உண்மை, குடம் என்பது வெறும் பெயரளவு என்று சாந்தோக்கிய உபநிடதம் சொல்லியிருக்க, பெயர் போனதற்கு வருந்துவானேன்? மறுக்க வேண்டியதில்லை, கூர்ந்து கேட்டால் போதும். அந்த மரபு நாமரூபம் என்று இரண்டையும் எப்போதும் சேர்த்தே சொன்னது. விட்டால் இரண்டையும் விட வேண்டும்; உலக வழக்கில் நின்றால் இரண்டையும் ஏற்க வேண்டும். ரூபத்தை மெய்யென்று பிடித்துக்கொண்டு நாமத்தை மட்டும் பொய்யென்று உதறும் அத்வைதம் எங்கும் இல்லை. வரைவு மென்பொருள் செய்வது அந்த அரைகுறைத் துறவை.

எனக்கு மிகக் கனமாகப் படுவது மூன்றாவது மறுப்பு. பெயர்கள் எல்லாம் அன்பால் வந்தவையல்ல. தெருப் பெயரிலும் குடியிருப்புப் பெயரிலும் சாதி இருக்கிறது. ஒருவரைத் தள்ளிவைக்கவே வைக்கப்பட்ட பெயர்கள் நெல்லைச் சீமையில் குறைவல்ல. அவற்றை நீக்கத் தமிழ்நாடு அரசே ஆணையிட்டிருக்கிறது. பெயரைக் காப்பது கடமை என்றால் அவமதிப்பையும் காப்பதாகாதா? ஆகாது. பெயர் ஒரு செயல் என்பதே இங்கும் விடை. செயலை நிறுத்தவும் மாற்றவும் செய்பவருக்கு உரிமையும், சில வேளை கடமையும் உண்டு. சாதிப் பெயரை நீக்குகிறவர்கள், அந்தப் பெயர் பலகையில் வெறுமனே இல்லை, அது ஒவ்வொரு முறை உச்சரிக்கும்போதும் ஒருவரைத் தொடுகிறது என்று அறிந்தவர்கள். அந்த நீக்கம் முடிவெடுத்து, பொறுப்பேற்று, மாற்றுப் பெயர் வைத்துச் செய்வது. இறக்குமதியில் பெயர் உதிர்வதில் முடிவெடுத்தவர் என்று எவருமே இல்லை. நீக்குவதற்கும் உதிர்வதற்கும் உள்ள வேறுபாடு அறத்தில் மிகப் பெரியது. உதிர்வதை நாம் கவனிப்பதும் இல்லை. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி வெளிவந்த அரசாணை, பலத்த விவாதத்துக்குப் பிறகு அந்த மாதமே திரும்பப் பெறப்பட்டது. அந்த எழுத்துக்கூட்டல்களின் நிறை குறை தனிக்கதை. எழுத்துக்கூட்டலுக்கே மாநிலம் முழுக்கப் பேசிய நாம், பெயர்கள் மொத்தமாக விழுந்துபோகும் கோப்புகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. விழுந்தது தெரியாததுதான் காரணம்.

ஓர் இடத்தின் பல பெயர்களில் எதைக் கொண்டுவருவது என்று கேட்டால், எல்லாவற்றையும் என்பேன். வரைபடத்தில் ஒட்டும் எழுத்துத் துண்டால் அது முடியாது, அட்டவணையால் முடியும். ஆழ்வார்திருநகரிக்கு ஒரு கட்டம், அதன் பழம்பெயரான குருகூருக்கு ஒரு கட்டம், எந்தப் பதிவில் எந்த ஆண்டு அப்படி வழங்கியது என்பதற்கு ஒரு கட்டம். ஆட்டோகேட் மேப் போன்ற பதிப்புகள் வடிவத்தோடு அட்டவணை விவரத்தையும் பொருத்தியே கொண்டுவர வழி வைத்திருக்கின்றன. புல எண்ணையோ வேறொரு நிலையான எண்ணையோ ஒவ்வொரு வடிவத்தோடும் ஒட்டிவிட்டால், பெயர் வழியில் விழுந்தாலும் திரும்ப எடுத்துச் சேர்க்கலாம். கூடுதல் உழைப்பு என்பது உண்மை. கோட்டின் துல்லியத்துக்குச் செலவிடும் உழைப்பை யாரும் கூடுதல் என்று சொல்வதில்லை.

இதற்கும் அப்பால், எந்த இறக்குமதியிலும் வர வாய்ப்பே இல்லாத பெயர்கள் இருக்கின்றன. குளத்தின் பெயர் 'அ' பதிவேட்டில் இருக்கும். குளத்தின் மடைகளுக்கு உள்ளூரில் வழங்கும் பெயர்கள், ஆயக்கட்டுக்குள் ஒவ்வொரு வயல்தொகுதிக்கும் வழங்கும் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் ஏறவில்லை. அவை மடையைத் திறந்து அடைக்கும் மடைக்குடும்பர்களின் வாயிலும், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களின் வாயிலும் வாழ்கின்றன. கன்னடியன் கால்வாயை வெட்டியவர் கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் என்று கதை வழங்குகிறது. அவருடைய சொந்தப் பெயர் பொதுவழக்கில் இல்லை, வந்த நாடுதான் கால்வாயின் பெயரில் மிஞ்சியது. தண்ணீர் திறந்துவிட்டு அடைப்பவர்கள் இன்று தங்கள் மடைகளை அழைக்கும் பெயர்களுக்கும் அந்த நிலை வர அதிக காலம் பிடிக்காது. வாய்க்கால் பாசனம் குறைந்து வயல் மனையாகும் ஊர்களில் முதலில் மறையும் பெயர்கள் இவைதான். கால்வாயை மறுஅளவு செய்யப் போகும் குழு, கருவியை முக்காலியில் ஏற்றும் முன் அந்த மனிதர்களைக் கரைக்கு அழைத்து, மடை மடையாக நடந்து, அவர்கள் சொல்கிற பெயரை அவர்கள் உச்சரிக்கிறபடியே அட்டவணையில் முதல் பத்தியாக எழுத வேண்டும். கோடு இரண்டாவதாக வரட்டும்.